சி ஷிப்டின் கைக்கடிகாரம்

ஆரம்பாக்கத்தில் மோசஸ் வீடு எது என்று கேட்டால், "எந்த மோசஸ்? தூங்குற மோசஸா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரில் வேறு மோசஸ் கிடையாது. ஆனாலும் அப்படித்தான் கேட்பார்கள். மனுஷனுக்குக் கிடைத்த பட்டத்தை வீணாக்குவானேன் என்கிற நல்லெண்ணம்தான்.

பட்டம் சும்மா வந்துவிடவில்லை. தேர்வாய் கண்டிகையில் காருக்கு ரப்பர் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. கம்பெனி பஸ்ஸில் ஏறினால் ஜன்னலில் தலை சாய்வதற்கு முன்பே கண் மூடிவிடும். உட்கார இடம் கிடைக்காவிட்டால் மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவார். பஸ் வளைவில் திரும்பினால் அவரும் சேர்ந்து திரும்புவார், கண்ணை மட்டும் திறக்க மாட்டார். மச்சினிச்சி கல்யாணத்தில் மோதிரத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டே தூங்கினார். சபையில் எபினேசர் போதகர் முதலில் கோபப்பட்டார், அப்புறம் பழகிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடியும்வரை மோசஸ் முழித்திருப்பதைப் பார்த்துப் பதறிப்போய், "அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்று மனைவி சாராளிடம் விசாரித்தாராம்.

அப்பேர்ப்பட்டவரை ஒருநாள் மாலை எழுப்பி உட்கார வைத்து, அவருடைய ஒரே மகள் ஏஞ்சலின் சொன்னாள்: "நைனா, உன் தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் உலகத்துலயே பாத்ததில்லன்னு பெங்களூர்ல ஒரு புரொபசர் சொல்றாங்க."

அடுப்படியிலிருந்து சாராள், "இத்த சொல்றதுக்கு பெங்களூரு வேணுமா? நம்ம தெருவுல கேட்டாலே சொல்லுவாங்களே" என்றாள்.

"கிண்டல் பண்ணாதம்மா. இதனாலதான் என்ன இண்டர்வியூவுக்கே கூப்ட்ருக்காங்க."

அதைக் கேட்டதும் சாராள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். மோசஸுக்கும் தூக்கம் கலைந்துவிட்டது.

ஏஞ்சலின் தினமும் ரயிலில் சென்னைக்குப் போய் வந்து உயிரியல் எம்.எஸ்சி. முடிக்கப்போகிறவள். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது, எந்தெந்த மரபணுக்கள் சேர்ந்து அதை ஓட்டுகின்றன, எதனால் அது கெட்டுப்போகிறது என்பதைத்தான் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்குவேன் என்று பிடிவாதமாக இருந்தாள். அதற்கென்று இருக்கும் ஆய்வகங்களே சொற்பம். அவற்றில் ஆள் எடுப்பது அதைவிடச் சொற்பம். விண்ணப்பம் போட்டுப் போட்டு, 'வருந்துகிறோம்' என்று வந்த பதில்களைப் படித்துப் படித்து, யாராவது நிஜமாகவே வருந்தினால்கூட அவளுக்குக் கோபம் வரும் நிலைக்கு வந்திருந்தாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு மருந்து கம்பெனியில் மாத்திரைகளைச் சரிபார்க்கும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இந்தப் பெங்களூர்தான் கடைசி, இதுவும் இல்லையென்றால் மாத்திரை எண்ணப் போய்விடுகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். அதைச் சொன்னபோது மகள் முகம் போன போக்கை மோசஸ் பார்த்திருந்தார். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்தக் கடைசி விண்ணப்பத்தோடு அவள் தன் எம்.எஸ்சி. புராஜெக்ட்டையும் இணைத்திருந்தாள். ஷிப்டில் வேலை செய்பவர்களின் தூக்கம் பற்றியது அது. மோசஸும் அவர் பஸ்ஸில் வரும் இன்னும் சிலரும் இரண்டு வாரம் ஒரு கறுப்பு வாட்சைக் கட்டிக்கொண்டார்கள். அது மணி காட்டாது. கட்டியவர் கை எப்போது அசைகிறது, எப்போது ஓய்கிறது என்று மட்டும் பதிந்துகொள்ளும். "டைம் காட்டாத வாட்ச்சு இன்னாத்துக்கும்மா?" என்று மோசஸ் கேட்டதற்கு, "நீ அத்த பாக்கறதுக்கு இல்ல நைனா, அது உன்ன பாக்கறதுக்கு" என்று சொல்லியிருந்தாள்.

இப்போது லேப்டாப்பைத் திறந்து கோடுகளைக் காட்டினாள். கை அசைந்தால் கோடு எழும்பும், தூங்கினால் தரையோடு படுக்கும். "நைட் ஷிப்ட் போற மத்தவங்கள பாரு. பகல்ல படுத்தாலும் புரண்டுக்கினே கீறாங்க. கோடு நடுங்குது பாரு. ஒடம்புல கீற கடிகாரம் ராத்திரின்னு சொல்லுது, வெளிய பகல்னு கீது. ரெண்டும் சண்ட போடுது."

"கடிகாரம்னா உள்ள முள்ளு கிள்ளு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல நைனா. செல்லுக்குள்ள ஒரு புரதம் ஊறிக்கினே போவும். ரொம்ப சேந்துச்சுன்னா, போதும்னு அதுவே தன்ன செய்யற மரபணுவ நிறுத்திடும். அப்பறம் மெல்ல கரைஞ்சு போவும். கரைஞ்சதும் திரும்ப ஊறும். இந்த ஒரு சுத்துதான் ஒரு நாளு."

"குடோன்ல குழா ரொம்பிடுச்சுன்னா மிஷின நிறுத்திட்டு, லாரி ஏத்துன அப்பறம் மறுபடியும் ஓட்டுவோமே, அது மாரியா?"

"அதேதான்!" ஏஞ்சலினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இப்ப உன்னுத பாரு. பகல்ல எட்டு மணி நேரம் கோடு அப்டியே தரையில படுத்துக்கினு கீது. ஒரு விரல்கூட அசையல. முழிச்சேன்னா பதினாறு மணி நேரம் கை ஓயவே இல்ல. தினம் தினம் இதே மாதிரி, கொஞ்சம்கூட மாறல. உனக்கு அந்த மரபணுவுல எதுனா அபூர்வ மாற்றம் இருக்கலாமாம். இண்டர்வியூவுக்கு உன்னயும் கூட்டியார சொன்னாங்க. தாடி முடியோ தலமுடியோ வேரோட புடுங்கி, வேர்ல கீற செல்லு எடுத்து பாக்கணுமாம்."

சாராள் நெஞ்சில் கை வைத்து ஸ்தோத்திரம் சொன்னாள். மோசஸ் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பகல் முழுக்க அசையாமல் படுத்திருக்கும் அந்தக் கோடு யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அது அவருடையது இல்லை, மனுஷனுடையதும் இல்லை. அது கம்பெனி லாக்கருடையது.

அது எப்படி நடந்தது என்று சொன்னால், அந்தக் கம்பெனி ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் தலையும் புரியாது, காலும் புரியாது. அங்கே காலை ஏ ஷிப்ட் முழுக்கப் பெண்களுக்கு. மத்தியானம் தொடங்கும் பி ஷிப்டும் ராத்திரி சி ஷிப்டும் ஆண்களுக்கு மாறி மாறி வரும். யாருக்கு எது என்று போர்டில் பெயர் எழுதி ஒட்டுவார்கள். ஒட்டுவதோடு கம்பெனியின் வேலை முடிந்தது. அப்புறம் ஆட்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். மிஷினுக்கு ஆள் இருந்தால் போதும் என்று சூப்பர்வைசரும் கண்டுகொள்ள மாட்டார்.

மாற்றிக்கொள்வதற்கும் ஒரு முறை உண்டு. சி ஷிப்டுக்கு கேன்டீனில் முட்டை போடுவார்கள். அந்த முட்டை போர்டில் பெயர் இருப்பவனுக்கா, வந்து வேலை செய்பவனுக்கா என்று ஒருகாலத்தில் பெரிய ரகளை நடந்து, சட்டை கிழிந்து, கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது: முட்டை உழைத்தவனுக்கு, பொறுப்பு பெயர்க்காரனுக்கு. அதாவது, மோசஸின் பி ஷிப்டுக்கு அவருடைய கூட்டாளி லோகு போனால் வேலை லோகுவுடையது. அங்கே ஏதாவது கெட்டுப்போனால் திட்டு வாங்குவது மோசஸ். இதை இன்றுவரை ஒருவரும் மீறியதில்லை.

லோகு பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரன். காலையில் ஏரியில் வலை போட வேண்டும், அதனால் அவனுக்கு பி ஷிப்ட்தான் தோது. மோசஸோ எப்போதும் சி ஷிப்டையே கேட்டு வாங்குவார். ஏன் என்று கேட்டால், "ராத்திரில வெயில் கெடையாது பாரு" என்பார். இருவருக்கும் சேர்த்து ஒரே லாக்கர்.

இந்த நிலையில்தான் மகள் அவர் கையில் வாட்சைக் கட்டி, "உன் ஷிப்ட் ஒண்ணுகூட உடாம இதுல பதியணும் நைனா" என்று சொல்லியிருந்தாள். மோசஸ் யோசித்தார். அந்த இரண்டு வாரமும் போர்டில் இருக்கும் பெயர்ப்படி பி ஷிப்ட் அவருடையது, பொறுப்பும் அவருடையது. உழைப்பின்படி சி ஷிப்ட் அவருடையது, முட்டையும் அவருடையது. இதில் எதை விடுவது? பெற்ற பிள்ளையின் படிப்புக்குக் கொடுக்கிறோம், குறைத்துக் கொடுப்பானேன் என்று இரண்டையும் கொடுத்துவிட்டார். மத்தியானம் லோகு லாக்கரிலிருந்து வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு பி ஷிப்ட் பார்ப்பான். ராத்திரி கேட்டில் மோசஸ் கையில் கட்டிவிட்டுப் போவான். விடியும்வரை மோசஸ் சி ஷிப்ட் பார்த்துவிட்டு, மத்தியானம் லோகுவுக்குக் கிடைக்கட்டும் என்று வாட்சை லாக்கருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுப்பார். வீட்டிலும் மணிக்கட்டை மறைக்கும் கம்பெனியின் முழுக்கைச் சட்டையோடுதான் திரிவார். "வாட்ச்சு பத்திரமா கீதா நைனா?" என்று மகள் கேட்பாள். "பத்திரமா கீதும்மா" என்பார். பூட்டிய லாக்கரைவிடப் பத்திரம் எது?

மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட் பக்கம் லோகுவை ஒதுக்கி விஷயத்தைச் சொன்னார். லோகு சிரித்த சிரிப்பில் செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார்.

"அப்ப அந்த அபூர்வத்துல பாதி நானா ணா? என் முடியும் வேணுமா?"

"பேஜாரு பண்ணாதடா. அந்த பெங்களூரு புரொபசரம்மா முடிய புடுங்கிப் பாத்தா எல்லாம் தெரிஞ்சிடும். புள்ளைக்கு சீட்டு போயிடும்."

"பாப்பாகிட்ட சொல்லிடு ணா."

"சொன்னா இண்டர்வியூவுக்கே போவ மாட்டா. மாத்திர எண்ண போயிடுவா."

லோகு சற்று நேரம் தாடையைச் சொறிந்தான். பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. லோகுவின் யோசனைகளால் இதுவரை யாரும் நன்றாயிருந்ததில்லை, ஆனாலும் அவன் சொல்வதை நிறுத்தியதில்லை.

"முடி இருந்தாத்தானே புடுங்குவாங்க? திருத்தணிக்குப் போய் மொட்ட போட்டுக்கினு வந்துடு. முருகன் பாத்துப்பாரு."

"நம்ம சாமிக்கு முடியெல்லாம் தேவயில்லடா" என்றார் மோசஸ். ஆனால் யோசனை மட்டும் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

இதற்கிடையில் சாராள் சும்மா இருப்பாளா? சபையில் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, தன் வீட்டுக்காரரின் தூக்கத்துக்கு அறிவியல் அங்கீகாரம் கிடைத்திருப்பதாகச் சாட்சி சொன்னாள். எபினேசர் போதகர் பிரசங்க மேடையிலிருந்தே மோசஸின் தூக்கத்துக்காக நன்றி செலுத்தினார். நன்றி செலுத்தும்போதும் மோசஸ் தூங்கிக்கொண்டுதான் இருப்பார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கவலையில் அவர் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊருக்கு அது பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது.

நேர்காணலுக்கு முந்தின நாள் மோசஸ் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு சலூனில் போய் உட்கார்ந்தார். "இன்னாணா, கட்டிங்கா ஷேவிங்கா?" என்றான் சலூன்காரன்.

"எல்லாத்தயும் எடுத்துடு. தல, தாடி, மீச. ஒரு பொட்டு இருக்கக்கூடாது."

"யாருணா தவறிட்டாங்க?" என்று அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். மோசஸ் அதற்குள் தூங்கிவிட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துச் சாராள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "வெயிலு" என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் அத்தனை பேரையும் சமாளித்தார். ஏஞ்சலின் மட்டும் பளபளத்த மண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை சென்னை ரயிலில் பொன்னேரி தாண்டியபோதுதான் வாயைத் திறந்தாள். "அவங்க கேட்டது அந்த முடி ஒண்ணுதான் நைனா." அவள் குரலில் கோபம் இல்லை, அழுகைதான் இருந்தது. மோசஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ரயிலில் அவர் ஒரு கண்கூட மூடவில்லை.

பெங்களூர்க்காரர்கள் சென்னையில் ஒரு கல்லூரியில் வந்து நேர்காணல் நடத்தினார்கள். அறைக்குள் இரண்டு பேர். ஒருவர் பேராசிரியர் அருணா. அவர் முன்னால் மேஜையில் ஒரு இடுக்கியும் சின்னச் சின்னக் குப்பிகளும் தயாராக இருந்தன. இன்னொருவர் சுப்பராயன் என்ற மூத்த பேராசிரியர். கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, ஏஞ்சலினின் கோடுகள் அச்சடித்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திட்டிருந்தேன்" என்று இடுக்கியோடு எழுந்த அருணா அப்படியே நின்றுவிட்டார். "தாடி...?"

"எடுத்துட்டேன்மா."

"தலைமுடி?"

"அதுவும்தாம்மா."

அருணாவின் பார்வை மெல்ல அவருடைய புருவத்துக்கு வந்தது. மோசஸின் கை தானாக எழுந்து புருவத்தை மூடிக்கொண்டது.

சுப்பராயன் தாளைக் கீழே வைத்தார். "அம்மா ஏஞ்சலின், முப்பது வருஷமா மனுஷங்க தூங்கறதைப் பார்த்துட்டிருக்கேன். எட்டு மணி நேரம் ஒரு விரல்கூட அசைக்காம யாராவது படுத்திருந்தா, அவருக்கு உயிர் இருக்கக்கூடாது. இவர் நடந்து வந்திருக்கார். முடி வேணும்னு கேட்டோம், மொட்டை அடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கே. நேராவே கேக்கறேன். இந்தக் கோட்டை நீயே உட்கார்ந்து போட்டியா?"

"இல்ல சார்" என்றாள் ஏஞ்சலின்.

பொய்க்காரி என்று சொல்லாமல் சொல்கிறார்கள் என்பது மோசஸுக்குப் புரிந்தது. சீட்டு போனால் மாத்திரை வேலையாவது மிஞ்சும், பேர் போனால் என்ன மிஞ்சும்? வாழ்க்கையில் இவ்வளவு முழிப்பாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

"ஐயா, புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது. அப்டி தூங்குனது நான் இல்லீங்க. லாக்கரு."

"யாரு?"

"லாக்கருங்க. இரும்பு லாக்கரு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். போர்டைப் பற்றி, லோகுவைப் பற்றி, முட்டைத் தீர்ப்பைப் பற்றி, பொறுப்பு பெயர்க்காரனுக்கு என்பதைப் பற்றி. முட்டை விஷயத்தைச் சுப்பராயன் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அருணா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார், தோள் மட்டும் குலுங்கியது.

"இந்தப் பதினாறு மணி நேர வேலை?"

"எட்டு லோகு, எட்டு நானுங்க."

"மொட்டை?"

"முடிய பாத்து கண்டுபுடிச்சிடுவீங்கன்னு பயந்துட்டேங்க."

ஏஞ்சலின் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். சுப்பராயன் விடவில்லை. "எல்லாரும் ராத்திரி வேலைன்னா ஓடுவாங்க. நீங்க எதுக்குக் கேட்டு வாங்கறீங்க?"

"ராத்திரில வெயில் கெடையாது பாருங்க" என்று மோசஸ் ஆரம்பித்தார். கண்ணாடிக்கு மேலே இருந்து அந்த மனிதர் பார்த்த பார்வையில் அது செல்லுபடியாகவில்லை. "புள்ள படிக்கறதுக்கு சென்னைக்கு போய் வருங்க. திரும்பி வர்ற ட்ரெயினு ஆரம்பாக்கம் வர்றப்ப இருட்டிடும். ஸ்டேஷன்லேந்து ஊட்டுக்கு வயலோரமா வரணும், ரோட்டுல ஒரு லைட்டு கெடையாது. நான் பி ஷிப்ட் போயிட்டா யாரு கூட்டியார்றது? அதான் சி வாங்கிக்கறது."

ஏஞ்சலின் நிமிர்ந்தாள். "கம்பெனிலதான் உன்ன சி ஷிப்ட்ல போட்டுட்டாங்கன்னு சொன்னியே? நம்பிக்கையான ஆளு வேணும்னு."

"சொன்னேன்தான்."

"எப்பலேந்து நைனா?"

"நீ காலேஜு சேந்ததுலேந்து."

அவள் காலேஜ் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. ஊரில் அவருக்குப் பட்டம் கிடைத்ததும் அந்த வருஷம்தான். பஸ்ஸில், கல்யாணத்தில், சபையில் எல்லாம் அவர் தூங்கி விழ ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். தூக்கத்தையே பாடமாகப் படித்த பெண் அதை இப்போதுதான் கூட்டிப் பார்க்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அழப்போகிறாள் என்று மோசஸ் பயந்தார். அவள் அழவில்லை. எழுந்துபோய்க் கரும்பலகை ஓரத்திலிருந்த சாக்பீஸை எடுத்தாள்.

"சார், இந்தப் பதிவ தூக்கிப் போட்டுடுங்க. எங்க அப்பாவோடது மட்டுமில்ல, மொத்தத்தையும். மத்தவங்களும் அதே கம்பெனி, அதே பஸ்தான். யார் பேருல யார் வேலைக்குப் போனாங்கன்னு நான் ஒருத்தரையும் கேக்கல. மத்தவங்க சொன்ன போர்டுப் பேரையும் அப்பா சொன்னதையும் அப்படியே நம்பிட்டேன். தப்பு என்னோடதுதான்."

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டா எதை வச்சு உனக்கு இடம் கொடுக்கறது?" என்றார் சுப்பராயன்.

"தெரியல சார். ஆனா இதைவிட நல்ல கேள்வி ஒண்ணு இப்பதான் கிடைச்சுது." பலகையில் ஒரு வட்டம் போட்டாள். "செல்லுல ஓடற இந்தக் கடிகாரத்தை வெளிச்சம் திருப்பி வைக்கும், சாப்பிடற நேரம் திருப்பி வைக்கும்னு படிச்சிருக்கேன். எங்க அப்பாவுக்கு ராத்திரியப் பகலா மாத்தினது ஒரு ட்ரெயின். இந்த மாதிரி இன்னொருத்தருக்காகத் தூக்கத்தை மாத்திக்கினு வருஷக்கணக்கா ஓட்டறவங்க எங்க பக்கத்துல ஊட்டுக்கு ஊடு இருக்காங்க. அவங்க செல்லுல அந்த மரபணுக்கள் எந்த நேரத்துக்கு எழுந்துக்குது, எந்த நேரத்துக்கு அடங்குது? அதைப் பாக்கணும் சார். போர்டைப் பாத்துட்டு வர மாட்டேன். ஒவ்வொருத்தர் வீட்டுலயும் உக்காந்து கேட்டுட்டு வருவேன்."

அருணா மெல்ல இடுக்கியை மேஜையில் வைத்துவிட்டு, "சார், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார் மோசஸிடம்.

மோசஸ் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி நடப்பது கர்த்தர் சித்தம். உட்கார்ந்த அடுத்த மூச்சிலேயே தூங்கிப்போனார். உள்ளே இரண்டு பேர் கேள்வி கேட்டதும், ஏஞ்சலின் பலகை நிறைய எழுதியதும், வெளியேயிருந்து வந்த குறட்டைக்காகச் சுப்பராயன் கதவைச் சாத்தச் சொன்னதும் அவருக்குத் தெரியாது.

அன்றே இருவரும் ஊர் திரும்பினார்கள். ஆரம்பாக்கத்தில் இறங்கி இருட்டில் நடக்கும்போது ஏஞ்சலின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் பிடித்தது, அப்புறம் இப்போதுதான்.

சில வாரம் கழித்து ஒரு பகலில் சாராளின் கூச்சலில் மோசஸ் பாயிலிருந்து துள்ளி எழுந்தார். 'வருந்துகிறோம்' இல்லை. 'மகிழ்கிறோம்' என்று வந்திருந்தது. முழுநேர ஆராய்ச்சி, உதவித்தொகை, விடுதி, எல்லாம். எபினேசர் போதகர் அது தன் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்றார். லோகு ஒத்துக்கொள்ளவில்லை. "மொட்ட போட்டதுதான் ணா வேல செஞ்சிது. திருத்தணில போட்டிருந்தா ஒடனே கெடச்சிருக்கும், சலூன்ல போட்டதாலதான் லேட்டு." சாராள் இரண்டு பேருக்கும் சமமாகக் கேசரி கொடுத்து விவாதத்தை முடித்துவைத்தாள்.

ஏஞ்சலின் கிளம்புவதற்குள் மோசஸுக்குத் தாடி முளைத்திருந்தது. அவளே இடுக்கியால் நாலு முடியை வேரோடு பிடுங்கிக் குப்பியில் போட்டுக்கொண்டாள். அவர் கையில் புது வாட்ச் ஒன்றைக் கட்டினாள். இது போனோடு பேசும், பதிவு அன்றன்றைக்கே பெங்களூருக்குப் போய்விடும். "நைனா, கேட்டுக்கோ. பேரு, பொறுப்பு, முட்ட, இதெல்லாம் இந்த வாட்ச்சுக்கு கெடையாது. இது உன் கைக்கு மட்டுந்தான். லோகு சித்தப்பா கெஞ்சி கேட்டாகூட குடுக்கக்கூடாது."

"சத்தியமா குடுக்க மாட்டேம்மா."

அவள் போய்விட்டாள். இனிமேல் சி ஷிப்டைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. போர்டில் எது எழுதியிருக்கிறதோ அதற்கே போகத் தொடங்கினார். லோகுதான் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான், அப்புறம் வேறு ஆள் பிடித்துக்கொண்டான்.

போர்டே அவருக்கு சி ஷிப்ட் கொடுத்திருந்த ஒரு வாரத்தில், சாயங்காலம் போன் அடித்தது. ஏஞ்சலின்தான். எடுத்த எடுப்பிலேயே குரல் கறாராக இருந்தது.

"நைனா, நெசத்த சொல்லு. வாட்ச்சு யாரு கையில கீது?"

"என் கையிலதாம்மா."

"பொய் சொல்லாத. இந்த வாரம் பூரா பாத்துட்டேன். தினம் இருட்டற நேரத்துல எழுந்து ஒரு நட. அப்பறம் ஒரே எடத்துல கொஞ்ச நேரம் நிக்கிறது. அப்பறம் திரும்ப நட. நீ சி ஷிப்டு, அந்நேரம் பஸ்ஸு ஏர்ற வரைக்கும் படுத்துக்கினு இருக்கணும். லோகு சித்தப்பாகிட்ட குடுத்துட்டியா?"

மோசஸ் சுற்றிலும் பார்த்தார். சென்னை ரயில் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. இறங்கிய கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பிளாட்பாரத்து வேப்பமரத்தின் கீழ், வழக்கமாக நிற்கும் இடத்தில், அவர் நின்றுகொண்டிருந்தார்.

"இல்லம்மா. இந்த வாட்டி நான்தான்."

மறுமுனையில் குரலின் கறார் போய்விட்டது. மெதுவாக, "ரோட்டுல இன்னும் லைட்டு போடலியா நைனா?" என்றாள்.

"போட்டுட்டாங்கம்மா. நீ போன மறுவாரமே போட்டுட்டாங்க. பளிச்சுனு கீது."

"அப்ப யார கூட்டியார்றதுக்கு போய் நிக்கிற?"

மோசஸ் யோசித்துப் பார்த்தார். அவருக்கே விளங்கவில்லை.

"தெரிலம்மா. அந்த நேரம் ஆச்சுன்னா முழிப்பு வந்துடுது, காலு தானா இங்க வந்துடுது. எந்த மரபணு பண்ற வேலன்னு நீயே பாத்து சொல்லு. அத்த கண்டுபுடிக்கத்தானே உன்ன அம்மாந்தூரம் அனுப்பிட்டு இங்க நிக்கிறேன்."